மாதிரியுருவும் மனிதப் பொறுப்பும்

அணுவைப் பற்றி முதன்முதலாகக் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையிலே ஒரு சிறு வட்டத்தை வரைகின்றார். அதனைச் சுற்றி நீள்வட்டங்கள் சிலவற்றை இட்டு அவற்றின்மீது புள்ளிகளை வைக்கின்றார். நடுவே கரு, சுற்றிலும் இலத்திரன்கள், சூரியனும் கோள்களும் போல. மாணவர் அதனைக் கொப்பியிலே பெயர்த்து வரைகின்றனர். அந்தப் படம் உண்மையன்று என்பது ஆசிரியருக்குத் தெரியும். இலத்திரன் கோளைப் போன்று குறித்ததொரு பாதையிலே ஓடுவதில்லை என்பது 1920களிலேயே தெளிவாகிவிட்டது. ஆயினும் அப்படம் இன்றும் வரையப்படுகின்றது. அதனைக் கொண்டு எத்தனையோ விடயங்களை விளங்கவைக்கவும் முடிகின்றது.

அவ்வாறாயின் அந்த ஆசிரியர் பொய் சொல்கின்றாரா? இல்லையெனின், உண்மையல்லாத ஒன்றை உண்மையைக் கற்பிக்கும் இடத்திலே வைப்பதற்கு நியாயம் யாது? இவ்வினா வகுப்பறையோடு நின்றுவிடுவதன்று. விஞ்ஞானம் முழுவதையும் தழுவுவது. பொருள் ஒன்றை ஆராயப் புகும் விஞ்ஞானி அதனை முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை. சில இயல்புகளைத் தெரிந்தெடுத்து, பலவற்றை வேண்டுமென்றே விலக்கி, எஞ்சியவற்றைக் கொண்டு ஓர் உருவை அமைக்கின்றார். அதுவே மாதிரியுரு எனப்படுவது. உராய்வற்ற தளம், நிறையற்ற இழையிலே தொங்கும் ஊசல், ஒன்றையொன்று கவராத துணிக்கைகளாலான வாயு ஆகிய இவற்றை நம் மாணவர் நன்கறிவர். இவை உலகில் எங்கும் காணப்படாதவை. எனினும் இவற்றின் வழியாகவே உலகம் அறியப்படுகின்றது.

இன்று மாதிரியுரு ஆய்வுகூடத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. நாளைய மழையையும், கொள்ளைநோயின் பரவலையும், நாட்டின் உணவுத் தேவையையும், மாணவரின் பல்கலைக்கழகப் பிரவேசத்தையும் அதுவே கணித்துச் சொல்கின்றது. ஆகவே அறிவு பற்றிய வினா அறம் பற்றிய வினாவாகவும் வளர்ந்துவிட்டது. மாதிரியுரு எதனை விட்டுவிட்டது? விடுவதெனத் தீர்மானித்தவர் யார்? விட்டதன் விலையைச் செலுத்துபவர் யார்? இம்மூன்றையும் நாம் கேட்டேயாக வேண்டும்.

இவ்விடயத்தில் நெடுங்காலமாக இரண்டு தவறான போக்குகள் நிலவி வந்துள்ளன.

முதலாவது போக்கு, மாதிரியுருவுக்கும் உண்மைக்கும் தொடர்பே இல்லை என்பது. 1543 ஆம் ஆண்டிலே கொப்பர்னிக்கசின் பெருநூல் வெளிவந்தபோது அதன் முகப்பிலே கையொப்பமற்ற முன்னுரை ஒன்று இடம்பெற்றிருந்தது. அதனை எழுதியவர் ஒசியாண்டர் என்னும் சமயவாதி. வானியலாளரின் கருதுகோள்கள் உண்மையாக இருத்தல் வேண்டியதில்லை. அவதானங்களோடு கணக்குப் பொருந்தினாற் போதும் என்பது அம்முன்னுரையின் சாரம். பூமி சுழல்கின்றது என்னும் பெரும் உண்மையை வெறுங் கணக்கு வசதியாகக் குறுக்கிவிடும் முயற்சி அது. பின்னாளிலே ஏர்ன்ஸ்ட் மாக் அணுவையே அவ்வாறு சிந்தனைச் சிக்கனத்துக்கான ஒரு சாதனமாகக் கருதினார். 1909 ஆம் ஆண்டிலே லெனின் தமது தத்துவ நூலிலே மாக்கின் போக்கை எதிர்த்து எழுதியமை நம் வாசகர் பலர் அறிந்ததே. அவ்விவாதம் சொற்போரோடு முடிந்துவிடவில்லை. 1908 இல் தொடங்கிய பெரினின் பரிசோதனைகள் அணுவின் இருப்பை ஐயத்துக்கு அப்பாற்படுத்தின. 2009 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே அமைக்கப்பட்ட நுணுக்குக்காட்டி, ஒளிச் சாலகம் ஒன்றிலே வரிசையாய் அமர்ந்திருந்த அணுக்களைத் தனித்தனியே படம்பிடித்துக் காட்டியது. சிந்தனைச் சிக்கனத்துக்கு நிழற்படம் விழுவதில்லை.

இரண்டாவது போக்கு முதலாவதற்கு நேரெதிரானது. மாதிரியுருவே உண்மை என்று கொள்வது. கெல்வின் பிரபு 1862 இல் பூமியின் வயதைக் கணித்தார். உருகிய கோளமாக இருந்த பூமி படிப்படியாகக் குளிர்ந்து இன்றைய நிலையை அடைய இரண்டு கோடி ஆண்டுக்குக் குறையாமலும் நாற்பது கோடி ஆண்டுக்கு மேற்படாமலும் சென்றிருக்கும் என்றார். 1897 இல் அதனை இரண்டு கோடிக்கும் நான்கு கோடிக்கும் இடைப்பட்டதாகச் சுருக்கினார். கூர்ப்புக் கொள்கை வேண்டி நின்ற நீண்ட காலத்தை அக்கணக்கு மறுத்தது; டார்வினை அது பெரிதும் வருத்தியது. கெல்வினின் கணிதத்திலே பிழையில்லை. எடுகோளிலேதான் பிழை. பூமியின் உட்பகுதி முழுவதும் திண்மமென்றும், வெப்பம் கடத்தலினால் மட்டுமே வெளியேறுகின்றதென்றும் அவர் கொண்டார். அவரிடம் முன்னர் உதவியாளராக இருந்த ஜோன் பெரி 1895 இலே அவ்வெடுகோளைத் தளர்த்திக் காட்டினார். பூமியின் வயது பன்மடங்காகப் பெருகியது. கெல்வின் அசையவில்லை. இன்று பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்று அறிகின்றோம். கணிதத்தின் உறுதியை எடுகோளின் உறுதியாக மயங்கியமையே பேரறிஞர் ஒருவரை இவ்வாறு வழுக்கி விழச் செய்தது.

இவ்விரு போக்குகளுக்கும் அப்பாலே சரியான நெறி யாது? அதனைக் காண்பதற்குப் பௌதிகவியலின் ஒரு துறையை, மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலே அணுக்கள் காட்டும் சக்திச் சொட்டு நடத்தையை, சற்று விரிவாக நோக்குவோம். குவாண்டம் கொள்கை எனப் பரவலாக வழங்கும் கொள்கையின் மிகத் தெளிவான விளைநிலங்களுள் இது ஒன்று. மாதிரியுருவின் வலிமையும் வரம்பும் ஒருங்கே வெளிப்படுவதும் இங்கேதான்.

1924 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே டாக்கா பல்கலைக்கழகத்து ஆசிரியரான சத்தியேந்திரநாத் போஸ், ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பிவைத்தார். ஒளியின் சொட்டுக்களை எண்ணும் முறையிலே புதுமை ஒன்றை அக்கட்டுரை புகுத்தியிருந்தது. இரண்டு பந்துகளை இரண்டு பெட்டிகளிலே இடும் வகைகள் எத்தனை? பந்துகள் வெவ்வேறானவையாயின் நான்கு. அந்நான்கில் இரண்டிலே பந்துகள் ஒரே பெட்டியில் இருக்கும். ஆயின் பந்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியவே இயலாதெனின், இதை அங்கும் அதை இங்கும் மாற்றிவைப்பது புதிய வகையாகாது. அப்போது வகைகள் மூன்றே. மூன்றில் இரண்டிலே பந்துகள் ஒரே பெட்டியில் இருக்கும். வேற்றுமையற்றவை ஒன்றுகூடும் நாட்டம் உடையனவாகத் தோன்றுகின்றன. போசின் எண்ணலிலே பொதிந்திருந்த பொருள் இதுவே.

ஐன்ஸ்டைன் அக்கட்டுரையைத் தாமே ஜேர்மன் மொழியிலே பெயர்த்து வெளியிட்டார். பின்னர் அம்முறையை வாயுவின் அணுக்களுக்கும் விரித்தார். வெப்பநிலை போதிய அளவு தாழுமாயின் அணுக்களில் ஒரு பெரும் பகுதி மிகக் குறைந்த சக்தியுடைய ஒரே நிலையிலே வந்து குவியும் என்ற முடிபுக்கு அவர் வந்தார். இதனையே போஸ்–ஐன்ஸ்டைன் ஒடுங்கல் என்பர். ஆயின் அவர் எடுத்துக்கொண்ட வாயுவின் துணிக்கைகள் ஒன்றையொன்று கவராதவை; தள்ளாதவை. அத்தகைய வாயு எங்கும் இல்லை. மெய்யான வாயுக்களோ குளிரும்போது நீர்மமாகி, பின்னர் திண்மமாகி விடுகின்றன. இல்லாத ஒரு வாயுவைப் பற்றிய இவ்வனுமானம் நீண்டகாலம் ஏட்டளவில் நின்றதிலே வியப்பில்லை.

1938 ஆம் ஆண்டிலே நிலைமை மாறியது. நீர்ம ஹீலியம் 2.17 கெல்வினுக்குக் கீழே உராய்வேயின்றிப் பாய்கின்றது என்பதை மொஸ்கோவிலே கப்பிட்சாவும் கேம்பிரிட்ஜிலே அலனும் மிசனரும் கண்டறிந்தனர். ஐன்ஸ்டைனின் ஒடுங்கலே இதற்குக் காரணமாகலாம் என்றார் பிரிட்ஸ் லண்டன். நாசி ஜேர்மனியிலிருந்து வெளியேறிப் பாரிசிலே புகலடைந்திருந்தவர் அவர். சோவியத் நாட்டின் லாண்டாவ் அக்கருத்தை ஏற்கவில்லை. 1938 ஏப்ரல் தொட்டு ஓராண்டு சிறையிலிருந்து, கப்பிட்சாவின் தலையீட்டினால் விடுதலை பெற்ற அவர், 1941 இல் முற்றிலும் வேறானதொரு விளக்கத்தை அளித்தார். நீர்மத்திலே எழும் கிளர்ச்சிகளை மட்டும் கொண்டு அமைந்த அவ்விளக்கம் பரிசோதனைகளோடு அருமையாகப் பொருந்தியது. இருவருள் யார் கூறியது சரி? 1947 இல் பொகொலியுபொவ், சிறிதளவே ஒன்றையொன்று தள்ளும் அணுக்களாலான வாயுவை ஆராய்ந்து, ஒடுங்கலிலிருந்தே லாண்டாவ் கூறிய வகையான கிளர்ச்சிகள் தோன்றக்கூடும் என்று காட்டினார். ஒன்றையொன்று மறுத்து நின்ற இரு மாதிரியுருக்களும் மெய்ம்மையின் இருவேறு கூறுகளைப் பற்றியிருந்தன. மாதிரியுரு வெறும் கணக்கு வசதியாயின் இப்படி ஒரு சந்திப்பு நிகழ நியாயமில்லை; மாதிரியுருவே முழு உண்மையாயின் இப்படி ஒரு சந்திப்புக்குத் தேவையில்லை.

இல்லாத வாயுவுக்கு மிக அண்மித்ததொரு வாயுவை மனிதர் தம் கையாலேயே ஆக்கியது 1995 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரிலே கோர்னெல், வீமன் என்பாரின் குழுவினர் ருபீடிய அணுக்களை லேசர் ஒளியினாலும் காந்தப் பொறியினாலும் குளிரச் செய்தனர். ஒரு பாகையைக் கோடி கூறாக்கினால் அவற்றுள் இரண்டுக்கும் குறைந்த வெப்பநிலையிலே, 170 நனோகெல்வின் அளவிலே, ஒடுங்கல் தொடங்கியது. விண்வெளியின் பின்னணி வெப்பநிலையே 2.7 கெல்வின் என்பதை நினைவிற் கொண்டால் அக்குளிரின் கடுமை விளங்கும். இரண்டாயிரம் அளவான அணுக்கள், காற்றைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு ஐதான முகிலாய், பதினைந்து செக்கனுக்கு மேல் நிலைத்து நின்றன. அதே ஆண்டிலே கெற்றர்லே என்பவர் சோடிய அணுக்களைக் கொண்டு அதனைச் செய்தார். மூவருக்கும் 2001 இல் நோபெற் பரிசு கிடைத்தது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவ்வளவு குளிரிலே ருபீடியம் இயல்பாகத் திண்மமாகவே இருத்தல் வேண்டும். மூன்று அணுக்கள் ஒரே வேளையில் மோதினாலே இரண்டு இணைந்து மூலக்கூறாகும்; திண்மமாதலின் முதற்படி அது. வாயுவை மிக ஐதாக வைத்து அம்மோதலை அரிதாக்கியதனாலேயே, மாதிரியுரு விட்டுவிட்ட விடயம் சில செக்கன்களுக்குத் தலைகாட்டாது நின்றது. அதாவது, விஞ்ஞானிகள் தாம் விட்டதை மறக்கவில்லை. அது எப்போது, எவ்வளவு விரைவாகத் திரும்பி வரும் என்பதையும் கணக்கிட்டு வைத்திருந்தனர். விட்டுவிடுதல் வேறு, மறந்துவிடுதல் வேறு. நம் கட்டுரையின் அச்சு இந்த வேறுபாடே.

மறந்துவிட்டால் யாது நிகழும் என்பதற்கும் இதே துறையிலே சான்றுண்டு. லேசர் ஒளியினால் அணுக்களைக் குளிரச் செய்வதற்கு ஓர் எல்லை உண்டென்று கொள்கை கூறியது. சோடியத்துக்கு அவ்வெல்லை 240 மைக்கிரோகெல்வின். 1985 இல் முதன்முறை அளந்தபோது கிடைத்த எண்ணும் அதனோடு ஒத்துவந்தது. எல்லாரும் திருப்தியுற்றிருக்கலாம். ஆயின் 1988 இல் வில்லியம் பிலிப்சின் குழுவினர் மீண்டும் அளந்தபோது 40 மைக்கிரோகெல்வின் அளவே கிடைத்தது. இயற்கையின் எல்லை எனக் கருதப்பட்டதை அணுக்கள் மிக எளிதாகத் தாண்டியிருந்தன. குழுவினர் தம் கருவியையே முதலிலே ஐயுற்றனர். வெவ்வேறு முறைகளால் திரும்பத் திரும்ப அளந்தனர். விடை மாறவில்லை. பின்னர் பாரிசிலே கோன்-தனூஜியும் டலிபார்டும், ஸ்ரான்போர்டிலே சூவின் குழுவினரும் காரணத்தை விளக்கினர். பழைய கொள்கை அணுவுக்கு இரண்டே சக்தி நிலைகள் உண்டெனக் கொண்டிருந்தது. மெய்யான சோடியத்தின் தாழ்நிலையோ பல உட்பிரிவுகளை உடையது. அவ்வுட்பிரிவுகளே மேலும் குளிர்வதற்கு வழி திறந்தன. மாதிரியுருவின் எல்லை இயற்கையின் எல்லையாக எண்ணப்பட்டிருந்தது. மனித சமுதாயத்தைப் பற்றி 'இதற்கு மேல் இயலாது. இதுவே நியதி' என்று எவரேனும் எண்களைக் காட்டிக் கூறும்போது இந்நிகழ்ச்சியை நாம் நினைத்துக்கொள்ளுதல் நன்று.

அண்மைக் காலத்திலே இத்துறை இன்னுமொரு படி சென்றுள்ளது. உலோகங்களிலே இலத்திரன்கள் நடந்துகொள்ளும் விதத்தை விளக்க 1963 இல் ஹபார்ட் என்பவர் எளியதொரு மாதிரியுருவை முன்வைத்தார். சாலகத்தின் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் துணிக்கை தாவலாம். ஒரே இடத்தில் இரண்டு சேர்ந்தால் அதற்கொரு சக்தி விலை கொடுக்க வேண்டும். அவ்வளவே. ஆயின் துணிக்கைகளின் தொகை சில பத்தைத் தாண்டியதும் அதனைத் துல்லியமாகக் கணிப்பது வலிய கணனிகளுக்கும் எட்டாததாகி விடுகின்றது. எனவே விஞ்ஞானிகள் இயற்கையையே கணிக்கச் செய்தனர். 2002 இல் மியூனிக் நகரிலே ஒன்றையொன்று சந்திக்கும் லேசர்க் கற்றைகளால் ஒளிச் சாலகம் அமைத்து, அதிலே ருபீடிய அணுக்களை இட்டனர். ஒளியின் வலிமையைக் கூட்டியபோது, உராய்வின்றிப் பாய்ந்த அணுத்தொகுதி, ஒவ்வோரணுவும் தன்னிடத்திலே சிறைப்பட்ட காவலி நிலைக்கு மாறியது. எண்ணியவாறே இயற்கை விடையளித்தது.

மாதிரியுரு இங்கே காகிதத்தை விட்டுப் பொருளாகவே வந்து நிற்கின்றது. அதனால் அது மெய்ம்மையாகிவிட்டதா? இல்லை. இங்கே இரண்டு படிகள் உள. அணுக்கள் ஹபார்ட்டின் மாதிரியுருவின்படி நடக்கின்றனவா என்பது ஒன்று. ஹபார்ட்டின் மாதிரியுரு செப்பொட்சைட்டு மீகடத்தியின் உண்மையைத் தன்னுள் அடக்கியுள்ளதா என்பது மற்றொன்று. முதலாம் படியிலே பெற்ற வெற்றி இரண்டாம் படிக்கு உத்தரவாதமாகாது. 1986 இல் கண்டுபிடிக்கப்பட்ட அம்மீகடத்திகளின் மர்மம் இன்றுவரை முற்றாகத் தெளிவுறவில்லை. குளிரணு ஆய்வாளர் இவ்விரு படிகளையும் வேறாகவே வைத்துப் பேசுகின்றனர். அவர்களுடைய நேர்மையும் வெற்றியும் இவ்வடக்கத்திலேயே தங்கியுள்ளன.

விடப்பட்டவை மிகுந்தால் மாதிரியுரு தீயதாகுமா, குறைந்தால் நல்லதாகுமா என்று சிலர் வினவலாம். அவ்வாறு அளந்துவிட முடியாது. லூயிஸ் பிறை றிச்சாட்சன் என்ற ஆங்கில அறிஞர் முதலாம் உலகப் போரின்போது பிரான்சிலே காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் பணியில் ஈடுபட்டிருந்தார். ஓய்வு கிடைத்த வேளைகளிலே, வானிலையைச் சமன்பாடுகளால் முன்னறியும் முதற் பெருங் கணக்கை அவர் கையாலேயே செய்தார். 1910 மே 20 ஆந் திகதிக்கு அவர் செய்த கணிப்பின்படி ஆறு மணித்தியாலத்திலே வளியமுக்கம் 145 மில்லிபார் உயர்தல் வேண்டும். உண்மையிலோ அது ஏறக்குறைய மாறாதிருந்தது. இத்துணைப் பெரிய தோல்வியை அவர் மறைக்கவில்லை. 1922 இல் வெளிவந்த தமது நூலிலே முழுக் கணக்கையும் அச்சிட்டார். பிறர் அதனை ஆராய்ந்து கற்றனர். 1950 இல் கணனியைக் கொண்டு முதல் வெற்றியை ஈட்டிய சார்னி முதலியோர், றிச்சாட்சன் சேர்த்திருந்தவற்றிலும் பலவற்றை விட்டுவிட்டே அவ்வெற்றியைப் பெற்றனர். விட்டதன் தொகையைக் காட்டிலும் விட்டதற்கான காரணம் தெரிந்திருத்தலே முக்கியம் என்பது இதனாற் பெறப்படுகின்றது. றிச்சாட்சனைப் பற்றி இன்னுமொன்றும் கூறத்தக்கது. வானிலைத் திணைக்களம் விமானப் படை அமைச்சின் கீழ் வந்தபோது, 1920 இல், போரை ஏற்காத அவர் தமது பதவியைத் துறந்தார். கணக்கு எதற்குப் பயன்படும் என்பதும் கணக்கிடுபவரின் பொறுப்பே என்று அவர் எண்ணினார்.

இனி ஆய்வுகூடத்தை விட்டுச் சமுதாயத்துக்கு வருவோம். போசின் கணக்கு வெற்றி பெற்றதேன்? அவர் அணுக்களை வேற்றுமையற்றவையாகக் கொண்டார்; அணுக்கள் மெய்யாகவே வேற்றுமையற்றவை. ருபீடிய அணு ஒன்றுக்கு நிலமுண்டு, மற்றொன்றுக்கு நிலமில்லை என்பதில்லை. மனிதரையும் அவ்வாறு எண்ணினால் யாது விளையும்?

விடை வங்காளத்திலேயே கிடைக்கின்றது. போஸ் இன்னும் டாக்காவிலே பணியாற்றிக்கொண்டிருந்த 1943 ஆம் ஆண்டிலே வங்காளத்தைப் பெரும் பஞ்சம் பீடித்தது. மாண்டோர் 15 இலட்சம் என்றது அரசாங்கத்தின் விசாரணைக் குழு. 30 இலட்சம் அளவு என்பது பின்னை ஆய்வாளரின் மதிப்பீடு. அப்பஞ்சத்தைச் சிறுவயதிற் கண்ட அமர்த்தியா சென், 1981 இல் வெளியிட்ட நூலிலே அதன் கணக்கை மீண்டும் எடுத்து நோக்கினார். 1943 இல் கிடைத்த உணவு முந்திய ஐந்தாண்டுச் சராசரியிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து மட்டுமே குறைவு; பஞ்சம் இல்லாதிருந்த 1941 ஆம் ஆண்டைவிட அதிகம் என்பது அவர் கண்ட முடிபு. அவருடைய எண்களைப் பற்றிப் பின்னர் விவாதம் எழுந்துள்ளது உண்மையே. ஆயினும் அவர் எழுப்பிய வினாவை அவ்விவாதம் அழித்துவிடவில்லை. உணவின் தொகையை வாயின் தொகையால் வகுக்கும் மாதிரியுருவிலே எல்லா வாய்களும் சமம். யுத்தச் செலவினால் விலை ஏறியபோது நிலமற்ற கூலியாளின் கூலி ஏறவில்லை. 1942 இல் படகுகள் அகற்றப்பட்டபோது மீனவரின் தொழில் போயிற்று. கல்கத்தாவின் தொழிற்சாலை ஊழியருக்கோ மலிவு விலையிலே அரிசி கிடைத்தது. இவை யாவும் சராசரியிலே கரைந்து மறைந்தன. பெருங் குறைவு இல்லையாதலின் பெரும் பஞ்சமும் இல்லை என்று கணக்கு கூறியது. மாதிரியுரு காட்டாத மனிதர் தெருக்களிலே வீழ்ந்து மடிந்தனர்.

அணுக்களின் ஒருமை இயற்கையின் உண்மை. மனிதரின் சராசரி நாம் ஆக்கியதொரு கருவி. சமத்துவம் என்னும் உயர்ந்த இலட்சியத்தை இச்சராசரியோடு மயங்குதல் ஆகாது. மனிதர் சமமாக நடத்தப்படல் வேண்டும் என்பது அறம். மனிதர் ஏற்கெனவே சம நிலையில் உள்ளனர் எனக் கொண்டு கணக்கிடுவது அநீதியை மறைக்கும் திரை.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இன்னும் அண்மித்த உதாரணங்களும் உள. இலங்கையிலே பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கு இசட் புள்ளி பயன்படுகின்றது. மாணவரின் புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் இடையைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்தால் அது கிடைக்கும். வெவ்வேறு பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்தும் நல்ல நோக்கம் கொண்டது அது. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலே ஒரு தொகுதியினர் பழைய பாடத்திட்டத்தின்படியும் மறுதொகுதியினர் புதிய பாடத்திட்டத்தின்படியும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையளித்தனர். இருவகையினரையும் ஒருங்கு சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. சூத்திரம் பிழையற்றது, ஆயின் இடை யாருடைய இடை? மாணவர் வழக்குத் தொடுத்தனர். 2012 ஜூன் மாதத்திலே உயர் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளி, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. கெல்வினின் கதையை இங்கு மீண்டும் காண்கின்றோம்: கணிதம் சரி, எடுகோள் தவறு.

2020 இல் இங்கிலாந்திலே கொள்ளைநோயினாற் பரீட்சைகள் நடைபெறவில்லை. ஆசிரியர் அளித்த மதிப்பீடுகளை, ஒவ்வொரு பாடசாலையும் முன்னைய ஆண்டுகளிலே பெற்ற பெறுபேறுகளைக் கொண்டு கணனி திருத்தியது. உயர்தரத் தேர்விலே ஆசிரியர் இட்ட தரங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது குறைக்கப்பட்டன. சிறிய வகுப்புக்களிலே ஆசிரியரின் மதிப்பீடு பெரிதும் அவ்வாறே விடப்பட்டமையால், அத்தகைய வகுப்புக்களை வைத்திருக்க வசதியுள்ள தனியார் பாடசாலைகள் நன்மையடைந்தன. வறிய பாடசாலை ஒன்றிலே அவ்வாண்டு தோன்றிய திறமைசாலியை, அப்பாடசாலையின் கடந்த காலம் கீழே இழுத்தது. மாணவர் வீதியில் இறங்கினர். ஓகஸ்ட் 17 ஆந் திகதி அம்முறை கைவிடப்பட்டது. அந்த மாதிரியுரு கடந்த ஆண்டுகளின் ஏற்றத்தாழ்வை எதிர்காலத்தின் நியதியாக்கியது. லேசரின் 240 மைக்கிரோகெல்வின் எல்லை போலவே இதுவும் 'இப்பாடசாலையிலிருந்து இதற்கு மேல் வராது' என்று கூறிற்று.

இவற்றைக் கொண்டு மாதிரியுருக்களையே வெறுத்தொதுக்குதல் பேதைமையாகும். எண்களை நம்பாதோர் மனம்போன போக்கையும் அதிகாரியின் தயவையுமே நம்ப நேரிடும். அவை எண்களைக் காட்டிலும் கொடியவை. பஞ்சத்தின் உண்மையை வெளிக்கொணர்ந்ததும் எண்களே. தவறான மாதிரியுருவுக்கு மாற்று, மேலானதொரு மாதிரியுருவேயன்றி மாதிரியுருவின்மை அன்று. ஆயின் மேலானது எது என்பதை நிறுவ நாம் சில நிபந்தனைகளை விதித்தல் வேண்டும்.

முதலாவதாக, விட்டவை வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். குளிரணு ஆய்வாளர் மூவணு மோதலைக் கணக்கு வைத்தது போல, மக்களைப் பற்றிய கணக்கை ஆக்குவோரும் தாம் எவரை, எதனை விட்டனர் என்பதை மக்கள் விளங்கும் மொழியிலே கூறுதல் கடன். இரண்டாவதாக, எந்நிகழ்ச்சி ஏற்பட்டால் இம்மாதிரியுரு தவறெனக் கொள்ளப்படும் என்பதை முன்னரே அறிவித்தல் வேண்டும். அது நிகழ்ந்தவிடத்து றிச்சாட்சனைப் போன்று தோல்வியை அச்சிடும் துணிவும் வேண்டும். மூன்றாவதாக, கணக்கு யார்மீது விழுகின்றதோ அவர் அதனை எதிர்த்துப் பேச இடமிருத்தல் வேண்டும்.

இம்மூன்றாவதே யாவற்றினும் முக்கியமானது. சோடிய அணுவுக்கு வாயில்லை. எனினும் 1988 இலே அது வெப்பமானியின் வழியாகத் தன்னைப் பற்றிய கொள்கையை மறுத்தபோது, விஞ்ஞானிகள் அணுவைக் குறை கூறவில்லை, கொள்கையைத் திருத்தினர். மனிதருக்கு வாயுண்டு. பசித்தவன் பசியைக் கூறுகின்றான். வாய்ப்பிழந்த மாணவி தனக்கு நேர்ந்ததைக் கூறுகின்றாள். ஆயின் கணக்கோடு பொருந்தாத அக்குரல் விதிவிலக்கு என்றும், அறியாமை என்றும், கலகம் என்றும் தள்ளப்படுகின்றது. உயிரற்ற அணுவுக்கு அளிக்கும் மரியாதையையேனும் உயிருள்ள மனிதனுக்கு அளிக்குமாறு கேட்பது விஞ்ஞானத்துக்கு விரோதமன்று. அதுவே விஞ்ஞானத்தின் முதல் விதி.

கோள்போற் சுழலும் இலத்திரனைக் கற்பிப்பவர் பொய்யரா என்னும் வினாவுக்கும் இப்போது விடை கூறலாம். 'இஃது ஒரு மாதிரியுரு; இன்னது வரை பொருந்தும்; அதற்கு அப்பால் பொருந்தாது' என்று மாணவருக்கு உணர்த்துபவர் உண்மைக்கு ஊழியம் செய்கின்றார். அவ்வொரு வாக்கியத்தைச் சொல்லாது விடுபவர், நாளை எண்களின் முன்னே வாய்மூடி நிற்கும் தலைமுறை ஒன்றை ஆக்கிவிடுகின்றார். அவ்வாக்கியத்தைக் கற்ற மாணவரே, தம்மைப் பற்றியும் தம் மக்களைப் பற்றியும் எவரேனும் ஒரு கணக்கைக் கொண்டுவந்து வைக்கும்போது, எடுகோள் யாது, விடப்பட்டோர் யார் என்று வினவும் துணிவைப் பெறுவர்.